காபியை நிறுத்தியதும் தலைவலி: பதில்

தினம் ஐந்து காபி குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தியதும் மறுநாளே தலை வெடிக்கிறது, எனக்கு மனவுறுதி போதவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருளைக் காபியில் இருக்கும் கஃபீன் இத்தனை நாளும் மறித்து வைத்திருந்தது, அது திடீரென விலகும்போது ரத்தக்குழாய்கள் விரிந்து வலிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல அடங்கிவிடும். ஆனால் இப்படி வதைபடுவானேன்? இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கப் குறையுங்கள். முதலில் சாயங்காலக் காபி போகட்டும், குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ராத்திரி தூக்கம் கெட்டால் காலையில் உடம்பு இன்னும் அதிகமாகக் கேட்கும். தலைவலி மாத்திரை வாங்கினால் அட்டையைப் படியுங்கள், சிலவற்றில் கஃபீனே இருக்கும்! காலை முதல் கப்பை, நானாக இருந்தால், விடவே மாட்டேன்.