கைப்பைக்குள் போன அட்டை அச்சு

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். மாதத்தில் அதிகம் தைப்பவருக்கு 1,500 ராண்ட் பரிசு என்று அறிவித்தேன். முதல் மாதம் எண்ணிக்கை ஏறியது, இப்போது இறங்குகிறது. சட்டைப் பையை மடிக்க அட்டையில் அச்சு வெட்டிக்கொண்ட அக்கா ஒருவர், சாப்பிடப் போகும்போதுகூட அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். பரிசை எல்லாருக்கும் பொதுவாகப் பங்கிடலாமா?

பதில்: அந்த அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தால் 1,500 ராண்ட் கைவிட்டுப் போகும் என்ற கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் அறிவிப்புத்தான். மற்றவர்களில் பாதிப்பேர் ‘எப்படியும் அவருக்குத்தான்’ என்று இரண்டாம் மாதமே கை தளர்ந்திருப்பார்கள்.

உங்கள் ஊர் காம்ரேட்ஸ் மாரத்தானைப் பாருங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். தங்கப் பதக்கம் ஆண்களிலும் பெண்களிலும் முதல் பத்துப் பேருக்கு மட்டும். ஆனால் 12 மணி நேரத்துக்குள் வந்து சேரும் எவருக்கும் ஏதோ ஒரு பதக்கம் உண்டு. அதனால்தான் பின்னால் வருபவர்கள் ‘பஸ்’ என்று கூட்டம் சேர்ந்து, ‘டிரைவர்’ வைக்கும் வேகத்தில், பாடிக்கொண்டே ஓடுகிறார்கள். பக்கத்தில் ஓடுபவர் முடித்தால் தன் பதக்கம் பறிபோகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீங்களும் முதலிடத்துக்குக் கொடுப்பதை நிறுத்தி, இலக்குக்குக் கொடுங்கள். மாதம் இத்தனை சட்டை என்று வையுங்கள். எட்டிய எல்லாருக்கும் பரிசு. பிரித்துத் தைக்க நேர்ந்த சட்டை கணக்கில் சேராது. எட்டிவிட்டார்களே என்று அடுத்த மாதமே இலக்கை உயர்த்திவிடாதீர்கள். பல முதலாளிகள் சறுக்குவது இங்கேதான். அதன்பின் ஒருவரும் முழு வேகத்தைக் காட்டமாட்டார்கள்.

பிரிட்டனில் ஒரு பழத்தோட்டத்தில் நடந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. சக தொழிலாளர்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கூலி கொடுத்த காலத்தில், நண்பர்களுக்குக் கூலி குறையுமே என்று ஒருவர் வேகத்தை ஒருவர் பார்த்துப் பறிப்பதை மட்டுப்படுத்திக்கொண்டார்கள். பறித்த எடைக்கு நேரடிக் கூலி என்று மாற்றியதும் உற்பத்தி பாதிக்குமேல் கூடியது.

14 பேருக்கும் பொதுவாகப் பங்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் கூடுதலாக உழைத்தால் அந்தப் பலனில் பதினான்கில் ஒரு பங்குதான் அவர் கைக்கு வரும். 2016-இல் பொருளாதார நோபல் பெற்ற பெங்த் ஹோல்ம்ஸ்ட்ரோம் இந்தச் சிக்கலை 1982-லேயே கணக்காக எழுதிக் காட்டினார். காலர், கை, பட்டன் என்று ஒரே சட்டையில் கை வைக்கும் நாலைந்து பேரை ஒரு குழுவாக்கி, சிறு பங்கு கொடுங்கள். அந்த அளவில் யார் ஓய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

புது உத்திக்குத் தனிப் பணம் வேண்டும். கண்டுபிடித்த அன்றைக்குப் பாதி. இன்னும் மூன்று பேர் அதைக் கற்றுத் தைக்கத் தொடங்கியதும் மீதி. முதல் தொகையை அந்த அக்காவிடமே கொடுத்து, மேசைக்கு ஒன்றாக அச்சு வெட்டித் தரச் சொல்லுங்கள். அட்டை சீக்கிரம் நைந்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் தாளில் வெட்டினால் ஜனவரிப் பள்ளித் திறப்புவரை தாங்கும்.