கடனிலிருந்து வெளியே வரும் வழி

அன்புள்ள அண்ணா,

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் ஆசிரியையாக இருக்கிறேன். நம் மலைகளைப் போன்ற ஒரு கற்பனை ராஜ்யத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். கடன்பட்டவர்களுக்கான சட்டம்தான் கதையின் முடிச்சு. பழைய பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தைப் படித்து முப்பது விதிகள் எழுதினேன். வாசித்த தோழி "கெசட் மாதிரி இருக்கு" என்கிறாள். எங்கே பிழைத்தேன்?

அன்புள்ள தங்கைக்கு,

ஹம்முராபியிடம் போனது நல்ல காரியம். அந்த 282 விதிகளில் பலர் 'கண்ணுக்குக் கண்' என்ற இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் 117ஆம் விதிக்குப் போங்கள். கடனுக்காக மனைவியையோ பிள்ளையையோ ஒருவன் வேலைக்குக் கொடுத்தால் அவர்கள் மூன்று வருஷம் உழைக்க வேண்டும். நான்காம் வருஷம் விடுதலை. கொடுமைதான். ஆனாலும் அதில் ஒரு கதவு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு சிறுமி நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். மூன்றாம் வருஷத்துக் கடைசி மாதத்தில் எஜமான் அவளை எப்படி நடத்துவான்? எனக்கு அதை வாசிக்க ஆசை.

உங்கள் முப்பது விதிகளும் ஆளைப் பிடிக்கின்றன. பிடிபட்டவர் வெளியே வரும் வழி ஒன்றிலும் இல்லை.

கண்டிச் சிங்களவர்களின் கண்டியச் சட்டத்தில் 'பின்ன' விவாகம் என்று ஒன்று உண்டு. மனைவி வீட்டோடு போய் இருக்கும் கணவன் கைத்தடி, பந்தம், ஓலைக்குடை மூன்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பார்கள். எந்த ராத்திரியும் போகச் சொல்லலாம், மழையானாலும். கதவோரத்தில் சாத்திவைத்த அந்தக் குடையிலேயே முழுச் சட்டமும் தெரிகிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் நம் மலைத் தோட்டங்களிலும் ஒன்று இருந்தது: துண்டு. இன்ன கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்குபவன்), அவன் ஆட்கள், இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விடுகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் போனால் அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். சேர்த்துக்கொள்ளும் தோட்டம் பழைய கடனை அடைத்துவிட்டுத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். ஆள் மலை மாறுவான், கடனும் கூடவே நடக்கும். சொல்லாமல் போனாலோ 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை. பாபிலோனில் இருந்த நான்காம் வருஷம் இங்கே இல்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதையே உங்கள் ராஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். பெயரை மாற்றலாம், காகிதத்துக்குப் பதில் முடிச்சுப் போட்ட கயிறு வைக்கலாம். கடன் ஆளோடு நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முப்பது விதியும் வேண்டாம். அந்தக் கயிறு யார் இடுப்பில் தொங்குகிறது என்று காட்டினாலே போதும்.

சட்டம் ரத்தான பிறகு என்ன ஆகிறது என்பதையும் யோசியுங்கள். துண்டை 1921இல் 43ஆம் இலக்கச் சட்டம் தடை செய்தது. என் அப்பாயி அதற்குப் பிறகு பிறந்தவர். ஆனாலும் பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு, சங்கத்துச் சந்தா ரசீது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாமே அவருக்குத் 'துண்டு'தான். ஒன்றை எறியப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார்: "துண்டு இல்லாதவள யாருடா சேத்துக்குவா?" அவர் போன பிறகும் டின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு சீட்டைக்கூட நாங்கள் எறியவில்லை.