நாலு நாளில் பேதி நின்றது, எட்டு மாதமாகியும் வயிறு ஆறவில்லை: கிருமியா, ஐ.பி.எஸ்ஸா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த மறுநாள் காய்ச்சலோடு பேதி பிடித்தது. நாலு நாளில் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு வயிறு பழைய மாதிரி இல்லை. வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கிறது. அடிவயிறு பிடித்து இழுக்கும், போய்விட்டு வந்தால் விட்டுவிடும். ராத்திரியில் தொந்தரவு இல்லை. எடையும் குறையவில்லை. ஒரு டாக்டர் அமீபா என்றார், இன்னொருவர் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடல் எளிதில் பதறும் கோளாறு) என்கிறார். மோஷன் டெஸ்ட் மூன்று முறை, ஸ்கேன் ஒரு முறை எடுத்தாயிற்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து ஐந்து கோர்ஸ் மாத்திரை போட்டுவிட்டேன். போடும்போது கொஞ்சம் பரவாயில்லை, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. கொலோனோஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எடுக்க வேண்டுமா? அடுத்த மாதம் தங்கை கல்யாணம். மூன்று நாள் மண்டபத்திலேயே இருக்க வேண்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது ரிப்போர்ட் விவரங்கள் அல்ல. 'ராத்திரியில் தொந்தரவு இல்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். நாள்பட்ட பேதி என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைக்கிறதா என்பதைத்தான். குடலில் புண்ணோ வீக்கமோ இருந்தால் அதற்கு இரவு பகல் தெரியாது. ஐ.பி.எஸ். பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போது தானும் தூங்கிவிடும்.

இரண்டு டாக்டர்கள் சொன்னதும் பாதிப் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் வந்தது கிருமித் தொற்று, அதில் சந்தேகமில்லை. இப்போது இருப்பது அந்தத் தொற்று விட்டுச்சென்ற ஐ.பி.எஸ். குடல் தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. பேதி நீண்ட நாள் நீடித்தவர்களுக்கும், அந்தச் சமயத்தில் மனக்கவலையில் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதை மருத்துவ உலகம் நன்றாகக் கற்றுக்கொண்டது கனடாவில், வாக்கர்டன் என்ற சின்ன ஊரில். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணம் கலந்த நீர் குடிநீர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. ஐயாயிரம் பேர் கூட இல்லாத ஊரில் சுமார் 2,300 பேர் படுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஊர்க்காரர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பேதி கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்கு இரண்டு மூன்று வருடம் கழித்தும் உங்களுக்கு இருப்பது போன்ற தொந்தரவு இருந்தது. எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது அது சுமார் 15 சதவீதமாக இறங்கியிருந்தது. கிருமி எப்போதோ வெளியேறிவிட்டது, குடல் நரம்புகள் மட்டும் பதற்றம் தணியாமல் இருந்தன. மற்றவர்களுக்குத் தெரியாமலேயே நகர்ந்துபோகும் வாயுவும் சாப்பாடும் இவர்களுக்கு வலியாகத் தெரியும். தெருவில் ஒருமுறை திருடன் வந்துபோனால், அப்புறம் பூனை நடந்தால்கூட நாய் குரைக்கிறதல்லவா, அந்த நிலைமைதான். பெரும்பாலானோருக்கு நாளாவட்டத்தில் அடங்கிவிடுகிறது என்பதும் அதே ஊர் சொன்ன செய்தி.

இனி அமீபா. நம் ஊரில் வயிறு கடமுடா என்றாலே அமீபியாசிஸ் என்று எழுதிவிடும் பழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. மோஷன் டெஸ்டில் 'சிஸ்ட்', அதாவது ஓடு மூடி உறங்கும் அமீபா, 'உள்ளது' என்று வந்தால் அதற்கு மதிப்பு குறைவு. நோய் உண்டாக்கும் அமீபாவும், எந்தக் கெடுதலும் செய்யாமல் குடலில் குடியிருக்கும் இன்னொரு அமீபாவும் மைக்ராஸ்கோப்பில் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். நிஜமான அமீபா சீதபேதியில் சளியும் ரத்தமும் போகும், உட்கார்ந்தால் எழ முடியாமல் கடுக்கும். அதற்குக்கூட மெட்ரோனிடசோல் என்ற அமீபாவைக் கொல்லும் மாத்திரை முடிந்த கையோடு, குடலுக்குள் மிச்சமிருக்கும் சிஸ்டைக் கொல்ல வேறொரு மாத்திரை பத்து நாள் கொடுக்க வேண்டும். பலர் அதைக் கொடுப்பதே இல்லை. ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ் (வெள்ளை அணுக்கள்) 2-4' என்று இருந்தால் அது சீழ் பிடித்த அடையாளமல்ல, சாதாரணம்தான்.

ஒரு கிருமியை மட்டும் நான் விட்டுவிட மாட்டேன். அது ஜியார்டியா. வாரக்கணக்கில் தங்கும். வயிறு உப்பும், அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம் வரும், மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும். தினமும் மலத்தில் வெளிப்படாது என்பதால் வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்க்க வேண்டும், அல்லது கிருமியின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் ஆன்டிஜன் பரிசோதனை செய்யலாம். நீங்கள் மூன்று முறை எடுத்ததாகச் சொல்கிறீர்கள். ஒரே வாரத்தில் வெவ்வேறு நாளில் எடுத்ததா என்று பாருங்கள். ஐந்து கோர்ஸில் மெட்ரோனிடசோலோ அதே வகையைச் சேர்ந்த டினிடசோலோ நிச்சயம் இருந்திருக்கும், எனவே ஜியார்டியா தப்பித்திருக்க வாய்ப்பு குறைவுதான்.

'மாத்திரை போடும்போது பரவாயில்லை' என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. ஐ.பி.எஸ். தானாகவே ஏறி இறங்கும். ஏறி நிற்கும்போது மாத்திரை வாங்குவோம், இறங்கும்போது பெயர் மாத்திரைக்குப் போய்விடும். போதாததற்கு, வாயு உண்டாக்கும் பாக்டீரியா சில நாளைக்குக் குறையும். அதற்கு விலையாக நல்ல பாக்டீரியாவும் போகிறது. மெட்ரோனிடசோல் அடிக்கடி போட்டால் பாதம் மரத்துப்போகலாம். கூடவே கலந்து விற்கப்படும் நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகையறா ஆன்டிபயாடிக்குகள் தசைநாரைப் பாதிக்கக்கூடும். ஆறாவது கோர்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஐ.பி.எஸ். என்பது வேறெதுவும் கண்டுபிடிக்க முடியாதபோது ஒட்டும் லேபிள் என்று நினைக்காதீர்கள். இதைக் கண்டறிய உலகக் குடல் நிபுணர்கள் வகுத்த, 2016இல் வந்த நான்காம் ரோம் வரையறை இருக்கிறது. கடந்த மூன்று மாதமாக, சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி வர வேண்டும். அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, போகும் எண்ணிக்கையோ மலத்தின் தன்மையோ மாறியதாகவோ இருக்க வேண்டும், இந்த மூன்றில் இரண்டு போதும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு அத்தனையும் பொருந்துகிறது.

கொலோனோஸ்கோபி இப்போதைக்குத் தேவையில்லை. ரத்த அணுக்கள், உடலில் அழற்சி இருந்தால் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, இவற்றோடு குடல் அழற்சியில் ஏறும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்துக்காக மலத்தில் ஒரு பரிசோதனை, இவை போதும். அது 50க்குக் கீழே வந்தால் குடல் அழற்சி நோய் இருக்கச் சாத்தியம் மிகக் குறைவு. மூட்டுவலிக்குப் போடும் வலி மாத்திரைகள் இந்த எண்ணை ஏற்றிவிடும், அதனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, மாலைக் காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், அல்லது 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு என்றால் கணக்கு மாறும். நம் நாட்டில் குடல் காசநோயும் இந்த வேஷத்தில் வரும் என்பதால் அப்போது தயங்காமல் உள்ளே பார்த்துவிட வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று: மெட்ஃபார்மின் மாத்திரையே பலருக்குப் பேதி உண்டாக்கும். அதைச் சந்தேகிக்காமல் ஊரெல்லாம் டெஸ்ட் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் முதலில் காலைக் காபியிலிருந்து தொடங்குங்கள். வயிற்றில் எது விழுந்தாலும் பெருங்குடலுக்கு ஒரு தள்ளு கொடுப்பது உடலின் இயல்பு. காபி அந்தத் தள்ளைக் கூட்டும். தொற்றுக்குப் பிறகு பாலைச் செரிக்கும் நொதி சிலருக்குக் குறைந்துவிடுவதும் உண்டு. இரண்டு வாரம் பாலை அறவே விட்டுப் பாருங்கள். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதில் பலன் தெரியாவிட்டால், மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய, ஃபாட்மேப் (சரியாகச் செரிக்காமல் குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகள்) குறைந்த உணவு முறையை நாலிலிருந்து ஆறு வாரம் முயலலாம். நம் சமையலில் அதற்கு அர்த்தம் வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, காலிஃபிளவர், மாம்பழம், ஆப்பிள் ஆகியவற்றை நிறுத்துவது. அரிசிச் சோறு, முட்டை, மீன், கேரட், கத்தரிக்காய், ஆரஞ்சு தடையில்லை. பூண்டின் தொல்லைதரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டைப் போட்டு வாசம் ஏறியதும் எடுத்தெறிந்துவிட்டுத் தாளித்தால் ரசமும் ருசிக்கும், வயிறும் சண்டை போடாது. ஆறு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விட்டுவிட்டு இட்லியும் தயிர் சாதமுமாகச் சிலர் வற்றிப்போகிறார்கள், அது வேண்டாம்.

மருந்து என்று பார்த்தால் இசப்கோல் ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். மலச்சிக்கலுக்குத்தானே அது என்பீர்கள். பேதியிலும் நீரை உறிஞ்சி மலத்தைத் திரட்டும். வலிக்கு மெபெவெரின் போன்ற குடல் பிடிப்பு மாத்திரை. இவற்றில் அடங்காவிட்டால் டாக்டர், மனச்சோர்வுக்குப் பெரிய அளவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராம் அளவில் இரவில் எழுதலாம். மெடிக்கல் ஷாப்பில் அதை 'மனநோய் மாத்திரை' என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்திய ஆய்வில் 10 முதல் 30 மில்லிகிராம் என்ற சிறிய அளவிலேயே ஐ.பி.எஸ்ஸுக்கு அது நன்றாக வேலை செய்தது. குடல் நரம்புக்கும் மூளை நரம்புக்கும் பேச்சுவார்த்தை நடக்கும் மொழி ஒன்றே என்பதால்தான் அது இங்கே உதவுகிறது. உங்களுக்கு மனக்கோளாறு என்று யாரும் சொல்லவில்லை.

தங்கை கல்யாணத்துக்கு வருவோம். இன்னொரு தொற்று வந்தால் உங்கள் குடல் தாங்கிக்கொள்ள வெகுநாள் எடுக்கும், அதனால் பந்தியில் ஆவி பறக்கும் பண்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டி வைத்த பழம், தேங்காய்ச் சட்னி, பொது ஜக்குத் தண்ணீர், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். மீறிப் பேதி பிடித்தால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை முழுதாகக் கரைத்துக் குடியுங்கள், பாதிப் பாதியாகக் கரைக்காதீர்கள். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை தொடாமல் டாக்டரிடம் போக வேண்டும். வெறும் பழைய தொந்தரவுதான் என்றால், பேதியை நிறுத்தும் அந்த மாத்திரையான லோபரமைடு 2 மில்லிகிராம் ஒன்று, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கிளம்ப அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை முதன்முதலாக முகூர்த்தக் காலையில் போட்டுப் பார்க்காதீர்கள். சிலருக்கு ஒன்றிலேயே இரண்டு நாள் கட்டிவிடும். முந்தைய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது போட்டு, உங்களுக்கு ஒன்று தேவையா அரை போதுமா என்று பார்த்துவிடுங்கள். மண்டபத்தில் அறை கேட்கும்போது கழிப்பறை உள்ளேயே இருக்கும் அறையாகக் கேட்டு வாங்குங்கள். பெண்ணுக்கு அண்ணன் கேட்டால் கொடுப்பார்கள்.