பனியன் கம்பெனி வேலையை முதலாளி மனம் கோணாமல் விடுவது எப்படி? ஒரு மாத நோட்டீஸ் போதுமா?

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாலரை வருடமாக மெர்ச்சண்டைசர் (ஓர் ஆர்டரைச் சாம்பிளில் இருந்து ஷிப்மென்ட் வரை கவனிப்பவர்), கோவையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வேலையில் இருந்தவன்தான். இரண்டு கம்பெனியை விட்டு வந்திருக்கிறேன். ஒன்றைக் கேவலமாக, இன்னொன்றை ஒழுங்காக.

கேவலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. போனை அணைத்துவிட்டு பத்து நாளில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். திருப்பூரில் இது புதிதல்ல. தீபாவளியும் பொங்கலும் முடிந்தால் யார் யார் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுவதே மேனேஜருக்கு ஒரு வாரத்து வேலை. கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கையில் ஓர் ஆர்டர் பாதியில் நின்றது. சாயம் ஏற்றிய துணி எந்த காம்பாக்டிங்கில் (துணி சுருங்காதபடி பதப்படுத்தும் இடம்) கிடக்கிறது, பட்டனை யாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் என் மண்டையிலும் என் போனிலும் மட்டும்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்த முதலாளி எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். திட்டவில்லை. "ஏனுங் தம்பி, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமல்லொ? அந்தச் சரக்குல பாதிய ஏர்ல அனுப்புனேனுங்க" என்றார். கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் ஏற்றினால் லாபம் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதைக் குறையாமல் கொடுங்கள். அப்படி ஒரு வேலைக் கடிதமே கொடுக்காத கம்பெனி என்றால் ஒரு மாதம் கொடுங்கள். ஆனால் உங்கள் முதலாளி நாளை எண்ண மாட்டார், கையில் இருக்கும் ஆர்டரைத்தான் எண்ணுவார். சாம்பிளில் ஆரம்பித்து ஷிப்மென்ட் போக மூன்று நான்கு மாதம் ஆகிற தொழிலில் 30 நாள் எந்த மூலைக்கு? சொல்லப் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி உட்கார்ந்து உங்கள் ஆர்டர்களைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் இருக்கும்போதே ஏற்றிவிடக் கூடியவை எவை, நடுவில் நிற்பவை எவை, இன்னும் லேப் டிப்பிலேயே (பையர் பார்த்துச் சம்மதிக்கும் சாயச் சாம்பிள்) இருப்பவை எவை. நடுவில் நிற்பவைதான் தலைவலி. அவற்றுக்கு ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு பாதி சுலபம். லேப் டிப்பில் இருப்பதைப் புதிதாக வருகிறவர் ஆரம்பத்தில் இருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.

2018-ல் இரண்டாவது கம்பெனியை விட்டபோது அப்படித்தான் செய்தேன். ஆடியில் எங்கும் புதிதாய்ச் சேரக் கூடாது என்று அம்மா பிடிவாதம். ஆவணியில் வருகிறேன் என்று புது இடத்தில் கேட்டு வாங்கினேன். அந்த ஆடிதான் எனக்கு இரண்டு ஷிப்மென்டை முடித்துக் கொடுத்தது.

யாரிடம் முதலில் சொல்வது என்பதில் நம் பக்கம் பலர் சறுக்குவார்கள். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. முதலாளிக்கும் அவருக்கும் பழக்கம். முறைப்படி சித்தப்பாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றும். சொன்னால் மத்தியானத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும், அதுவும் வேறு மாதிரியாக. முதலாளியிடம் காலையில் நேரில், சித்தப்பாவிடம் அன்று சாயங்காலமே என்று வைத்துக்கொண்டேன். செக்கிங் டேபிளிலும் டீக்கடையிலும் அதுவரை மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை வேண்டாம். வாரச் சம்பளம் போடும் நாளில் அவர் பணத்துக்கு அலைந்துகொண்டிருப்பார். தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பும் நாளும் வேண்டாம். நான் எல்லாம் யோசித்து ஒரு வெள்ளிக்கிழமை 11 மணிக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தார். "ராகுகாலமுங்க. பன்னெண்டு மணிக்கு மேல கொண்டாங்க." போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன கடிதம் என்று அதற்குள் அவருக்குப் புரிந்துபோய், பன்னிரண்டு மணிக்கு டீ சொல்லி வைத்திருந்தார்.

"எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்று கட்டாயம் கேட்பார். சம்பளத்துக்காக மட்டும்தான் போகிறீர்கள் என்றால் அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். கடிதத்தைக் காட்டி ஏற்றிக்கொண்ட சம்பளத்துக்கு அந்த இடத்தில் அப்புறம் மரியாதை இருக்காது என்பது என் அபிப்பிராயம். "முடிவு பண்ணிட்டனுங்க. ஆனா இந்த ரெண்டு ஆர்டரையும் ஏத்திக் கொடுத்துட்டுத்தான் போவேனுங்க" என்றேன். அதற்கு மேல் அவர் இழுக்கவில்லை.

கடிதம் நாலு வரி போதும். "சொந்தக் காரணங்களால் என் பொறுப்பில் இருந்து விலக விரும்புகிறேன். இன்ன தேதி என் கடைசி வேலை நாள். அதற்குள் என் ஆர்டர்களை முறையாக ஒப்படைத்துவிடுகிறேன். இத்தனை வருடம் தொழில் கற்றுக் கொடுத்ததற்கு நன்றி." குறை எதுவும் எழுத வேண்டாம். தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும். ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் எல்லாம் முடிகிற கம்பெனியில் அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அதையே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

ஒப்படைப்புக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஓர் ஆர்டருக்கு ஒரு பக்கம்: துணி எந்த நிட்டிங்கில் ஓடியது, இப்போது எந்த டையிங்கில் இருக்கிறது, எந்த அக்சசரீஸ் வரவில்லை, ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்த வேலை) பில் எது பாக்கி, பையர் எதற்கு இன்னும் அப்ரூவல் கொடுக்கவில்லை. பையரின் மெயில் விலாசங்களை உங்கள் சொந்தப் போனில் இருந்து அழித்துவிட்டு, அழித்ததை முதலாளியிடம் சொல்லியும் விடுங்கள். முதலாளியிடம் அட்வான்ஸோ கைமாத்தோ வாங்கியிருந்தால் கடிதம் கொடுக்கும் அன்றே அந்தக் கணக்கையும் பேசிவிடுங்கள்.

இனி பணம். நாலரை வருடம் என்றீர்கள், அதனால் இதைக் கவனியுங்கள். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை) நிரந்தர வேலையில் 5 வருடத் தொடர் வேலை வேண்டும். அதற்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி போன்றவை) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கு உரியது. 18,000 ரூபாய் என்றால் 5 வருடத்துக்கு 51,900 சொச்சம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. கம்பெனி ஆடிட்டர் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசி நாளைக் குறிக்கும் முன் காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். சில வாரம்தான் குறைகிறது என்றால் புது இடத்தில் அவகாசம் கேட்பதில் தப்பில்லை.

பிஎஃப்-க்கான யுஏஎன் எண் அதேதான், கம்பெனி மாறினாலும் மாறாது. நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி பிஎஃப் இணையதளத்தில் ஏற்றிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். மறந்திருந்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தில் இருந்து 2 மாதம் கழித்து ஆதார் ஓடிபி வைத்து நீங்களே ஏற்றலாம்.

போன பிறகும் கொஞ்ச நாள் போன் வரும், எடுங்கள். எனக்கு முதல் மாதத்தில் 11 தடவை வந்தது. அதில் 9, நோட்டில் நான் எழுத மறந்த ஒரே ஒரு டையிங் பில்லைப் பற்றி.