பாலைவனப் பறவைக்குக் கணக்குப் போடும் வேலை சோறு போடுமா?

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம். “பருவநிலை மாறினால் வறண்ட பகுதி விலங்குகள் எங்கே நகரும் என்று கணிக்கிற துறைக்குப் போகிறேன் என்கிறாள். பி.எட். படி என்றேன். மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. இதெல்லாம் சோறு போடுமா?”

ஐயா, முதலில் அது என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். ஜீப்பில் மான் பின்னால் போகிற வேலை என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அப்படித்தான் இருக்கும் என்று உங்கள் மகளும் ஆசைப்படலாம். பெரும்பகுதி லேப்டாப் முன்னால்தான். ஒரு விலங்கு எங்கெங்கே கண்ணில் பட்டது என்ற இடக்குறிப்புகளைத் திரட்டி, அந்த இடங்களின் வெப்பம், மழை, நிலம் ஆகியவற்றோடு பொருத்துவார்கள். வேர்ல்ட்கிளிம் என்ற இலவசத் தட்பவெப்பத் தரவில் மட்டும் வெப்பம், மழை பற்றி இப்படி 19 குறியீடுகள் உண்டு. இந்த விலங்குக்கு எந்தச் சூழல் ஒத்துவரும் என்று மேக்ஸென்ட் மாதிரி மென்பொருள் கணக்கிடும். அப்புறம் 2050இல் வெப்பமும் மழையும் எப்படி இருக்கும் என்ற கணிப்பை உள்ளே கொடுத்தால், ஒத்துவரும் இடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைபடம் வரும்.

சொல்ல எளிது. தார் பாலைவனத்துக்குப் போனால் சிக்கல் தெரியும். அங்கே கானமயில் என்றொரு பறவை. மிச்சமிருப்பது சுமார் 150, பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கம். மேற்கு ராஜஸ்தானில் சில பத்தாண்டுகளாக மழை கூடிவருகிறது. நல்லதுதானே என்போம். ஆனால் காய்ந்த புல்தரையில் முட்டையிடும் பறவைக்கு, அந்தத் தரையில் ஏர் இறங்கிவிட்டால் மழை வந்து என்ன பயன்? இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த இடங்களில் நடந்தது அதுதான். போதாததற்கு, தோதான இடம் என்று கணினி காட்டும் வெட்டவெளியில் இன்று சூரிய மின்தகடுகளும் உயர் அழுத்தக் கம்பிகளும் நிற்கின்றன. கானமயிலுக்கு நேரே முன்னால் பார்வை குறைவு. கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. கம்பி எந்த வழியாகப் போகலாம், எங்கே போகவே கூடாது? அந்த வரைபடத்தைப் போடத்தான் ஆள் வேண்டும்.

இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் விலங்கின் மேல் அன்பு இல்லாதவர்கள் அல்ல, கணக்குக்குப் பயந்தவர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி ராஜஸ்தானின் சிங்காரா மானுக்கு வரைபடம் போட்டிருந்தாள். மான் நார்வேயின் வடகோடியில் நின்றது! அட்சரேகை 27, தீர்க்கரேகை 71 என்பதைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டாள். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று அப்போதே நினைத்தேன்.

படிப்புக்கு வருவோம். மாயூரம் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் உண்டு. டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம். கோவை ஆனைக்கட்டி சலீம் அலி மையம் இப்போது அதன் தென்னிந்தியப் பிரிவு. பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நடத்தும் வனவிலங்கு முதுகலைப் படிப்பில் சேர்க்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், இடங்களும் மிகக் குறைவு. எங்கே சேர்ந்தாலும் புள்ளியியல், அதற்கான ஆர் என்ற கணினி மொழி, கணினியில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். மூன்றையும் விடக்கூடாது.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். முதல் சில வருடங்கள் புராஜெக்ட் வேலைதான். ஒன்று முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை கையைப் பிசைய வேண்டியிருக்கும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) வாங்கி ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் ஜி.ஐ.எஸ். கற்ற கை சும்மா இருக்காது. பயிர்க் காப்பீடு, நீர்வளம், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு என்று போக இடம் இருக்கிறது. விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

பெண்பிள்ளையைப் பாலைவனத்துக்கு எப்படி அனுப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது. களப்பணிக்குக் குழுவாகத்தான் போவார்கள். சேரும் முன் அங்கே ஏற்கெனவே படிக்கும் பெண்களிடம் அவளையே பேசச் சொல்லுங்கள். தங்குமிடம், வண்டி, சிக்னல் எல்லாம் விசாரிக்கட்டும்.

பி.எட். விண்ணப்பத்தை இப்போது கிழிக்க வேண்டாம், மேசையிலேயே இருக்கட்டும். அவளிடம் ஒரு மாத அவகாசம் கேளுங்கள். கல்கவுதாரி என்ற பறவை தாரிலும் உண்டு, நம் வறண்ட தரிசுகளிலும் உண்டு. அது எங்கெங்கே கண்ணில் பட்டது என்ற பதிவுகள் ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய தரவுத் தளத்தில் இலவசம், வரைபடம் போடும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இரட்டைப் பதிவுகளைக் களைந்து, தப்பான புள்ளிகளைத் திருத்தி, ஒரே ஒரு வரைபடம் போட்டு உங்களுக்கு விளக்கட்டும். அந்தச் சலிப்பான வேலையை உட்கார்ந்து முடித்தாளா என்று எனக்கு எழுதுங்கள். பறவை நார்வேயில் போய் நின்றாலும் எழுதுங்கள்.