என் தங்கைக்குத் தூக்குத் தண்டனை கிடைக்குமா?

கேள்வி: ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் எங்கள் ஊர். என் தங்கைக்கு 34 வயது. கல்யாணமாகி 12 வருடமாக அவள் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். மஞ்சள் விற்ற பணத்தைக் கேட்டு ஒரு நாள் மாலையில் அடித்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தபோது தங்கை கொடுவாளால் வெட்டிவிட்டாள். பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவளே காவல் நிலையம் போய்ச் சொல்லிவிட்டாள். இப்போது கோவை பெண்கள் சிறையில் இருக்கிறாள். கைதாகி 80 நாள் ஆகிறது. ஊரில் பாதிப் பேர் ‘தூக்குத்தான்’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘பெண்களுக்குத் தூக்கு கிடையாது’ என்கிறார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. இதற்கிடையில் கணவரின் அண்ணன், ‘கொலைகாரிக்குப் பங்கு இல்லை. மூன்று ஏக்கர் தோட்டத்தையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் எதிராகச் சாட்சி சொல்லமாட்டோம்’ என்று விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மணி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். முதல் ரிமாண்டிலிருந்து, அதாவது நீதிபதி முதலில் காவலுக்கு அனுப்பிய நாளிலிருந்து, 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உங்கள் தங்கையின் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும். நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அது தவறினாலும் கவலை இல்லை. மரண தண்டனைக்குரிய குற்றமானாலும் பெண் என்ற காரணத்துக்காக ஜாமீன் தர நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் உண்டு.

இனித் தூக்கு. ஊரில் இரண்டு தரப்பும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். நம் சட்டத்தில் பெண்ணுக்குத் தூக்கு கிடையாது என்று எங்கும் எழுதவில்லை. தண்டனை பெற்றவள் கர்ப்பிணியாக இருந்தால் மட்டும் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாக மாற்றியே ஆக வேண்டும். 1955 ஜனவரியில் டெல்லி திகார் சிறையில் ரத்தன் பாய் ஜெயின் என்ற பெண் மூன்று பெண்களைக் கொன்ற வழக்கில் தூக்கிலிடப்பட்டார். சுதந்திர இந்தியாவில் தூக்கிலேறிய ஒரே பெண் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். அன்றைய சட்டம் தலைகீழாக இருந்தது. கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை. நீதிபதி தூக்குக் கொடுக்காவிட்டால், ஏன் கொடுக்கவில்லை என்று எழுத வேண்டும். அந்த விதியை 1955ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கட்டையையே புரட்டிப் போட்டு, தூக்குக் கொடுத்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளுக்கு மட்டும் என்று அதை இன்னும் இறுக்கியது. செஷன்ஸ் நீதிபதி தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது. ராஜீவ் கொலை வழக்கில் நளினிக்கு உச்ச நீதிமன்றமே தூக்கை உறுதி செய்த பிறகும் 2000இல் அது ஆயுளாகக் குறைந்தது. 12 வருடம் அடிபட்டு, ஒரு நாள் கொடுவாளைத் தூக்கி, தானே நிலையத்துக்கு நடந்துபோன பெண்ணின் வழக்கு ‘அரிதினும் அரிது’ வரிசையில் வராது. இதை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சாப்பிடட்டும்.

ஆனால் ஆயுள் தண்டனை நிஜமான ஆபத்து. நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அந்த ஆபத்து ஒளிந்திருப்பது உங்கள் கடிதத்தில் வரும் ‘இரண்டு மணி நேரம் கழித்து’ என்ற நான்கு சொற்களில்.

இங்கே லண்டன் வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ரத்தன் பாய் தூக்கிலேறிய அதே 1955இல், ஜூலை 13 அன்று, ஹாலோவே சிறையில் ரூத் எல்லிஸ் தூக்கிலிடப்பட்டார். வயது 28. பிரிட்டனில் தூக்கிலேறிய கடைசிப் பெண் அவர்தான். காதலன் டேவிட் பிளேக்லியை மதுக்கடை வாசலில் சுட்டார். அங்கேயே நின்று கைதானார். சில நாட்களுக்கு முன் அவன் ரூத்தின் வயிற்றில் குத்தியதில் கரு கலைந்திருந்தது. சாட்சிக் கூண்டில் அடியைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: கையாலும் முஷ்டியாலும் மட்டும்தான் அடிப்பார், எனக்குத்தான் உடம்பு சட்டென்று கன்றிவிடும். அரசுத் தரப்பு வக்கீல் கேட்டது ஒரே ஒரு கேள்வி: சுட்டபோது என்ன நோக்கத்தில் சுட்டீர்கள்? கொல்லத்தான், அது தெரிந்ததுதானே என்றார் ரூத். ஆத்திரமூட்டல் என்ற வாதத்தை ஜூரியிடம் கொண்டுபோக நீதிபதி இடம் தரவில்லை. ஜூரிக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. அங்கே அன்று கொலைக்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனையும் இல்லை. இரண்டே ஆண்டில், 1957இல், சட்டத்தை மாற்றினார்கள். 2003இல் குடும்பத்தார் மேல்முறையீடு செய்தபோது, அன்றைய சட்டப்படி தீர்ப்பு சரி என்று தள்ளிவிட்டார்கள்.

‘கையால் மட்டும்தான் அடிப்பார்.’ இந்த வாக்கியத்தை என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! மண்டை உடைந்த தையலைக் காட்டிக்கொண்டே, ‘குடிக்காத நாளில் தங்கமானவர்’ என்பார்கள். உங்கள் தங்கையும் அப்படித்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன். மானத்தை நினைத்து அவர் மூடி மறைப்பது ஒவ்வொன்றும் அரசுத் தரப்புக்கு உதவி.

நம் சட்டத்தில் ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில்’ தன்னிலை இழந்து செய்தால் அது கொலை ஆகாது, குற்றமுறு மரணம் ஆகும். ‘திடீர்’ என்ற சொல்தான் அடிபடும் பெண்களுக்குக் குறுக்கே நிற்பது. ஆண் உடனே திருப்பி அடிப்பான். அவள் அவன் படுக்கும் வரை காத்திருப்பாள், ஏனென்றால் அதற்கு முன் கையைத் தூக்கினால் சாவது அவள்தான். இதைப் புரிந்துகொண்ட தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது: 1989, சுயம்புக்கனி வழக்கு. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாய் அவர். நல்லதங்காள் கதையை நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. நாள்கணக்கில் சேர்ந்துவந்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் எடுத்து, குற்றத்தைக் கொலையிலிருந்து குறைத்தது. உங்கள் வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். இந்த வாதம் ஏறினால் பாரதிய நியாய சன்ஹிதா 105ஆவது பிரிவு வரும். ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை தண்டனை. தற்காப்பு என்று மட்டும் வாதாடச் சொல்லாதீர்கள். படுத்திருந்த ஆளிடம் அது எடுபடாது.

தங்கை நிலையத்தில் சொன்னதை நினைத்துக் கலங்க வேண்டாம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் சாட்சியம் ஆகாது. முதல் தகவல் அறிக்கையே அவர் வாய்மொழியாக இருந்தாலும் அப்படித்தான். 1966லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவர் காட்டி எடுத்த கொடுவாள் சாட்சியமாகும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாக்குமூலம் கொடுத்ததாக நம் பக்கத்து வழக்குகளில் அடிக்கடி ஒரு காகிதம் முளைக்கும். அப்படி எதுவும் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள்.

தோட்டம். அண்ணன்காரர் சொல்வதில் கால் பங்கு உண்மை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது. ஆனால் அதற்குக் கொலை நிரூபணமாக வேண்டும். நிரூபணமானாலும் அந்தப் பங்கு பங்காளிக்குப் போகாது. கணவருக்கு முன்பே உங்கள் தங்கை இறந்துவிட்டதாகக் கருதி, பிள்ளைகள் இருவரும், மாமியார் உயிரோடிருந்தால் அவரும், சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு ஒரு சென்ட் கிடையாது. பிள்ளைகள் மைனர்கள், அவர்கள் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி யாராலும் விற்க முடியாது. பாதுகாவலர் நியமனத்துக்கு நீங்களோ அம்மிச்சியான உங்கள் அம்மாவோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். அந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். கொலை வழக்கில் சமரசம் என்ற பேச்சே கிடையாது. பத்திரம் வாங்கிய பிறகு அவர் கூண்டில் ஏறி என்ன சொல்வார் என்பதற்கு யார் ஜாமீன்?

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. சிறையிலிருந்தே எழுதிக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

அடுத்த முறை மனுப் போட்டுத் தங்கையைப் பார்க்கும்போது அழுது நேரத்தைக் கழிக்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். எந்த வருடம், எந்த அரசு மருத்துவமனை, எந்தக் கையில் கட்டு, அங்கே ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னாரா, மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினாரா, சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். ‘கையால்தான் அடிப்பார்’ என்று ஆரம்பித்தால், அந்தக் கை அன்று எதைப் பிடித்திருந்தது என்று கேளுங்கள்.