8 ஜிபி ரேமில் எமுலேட்டர் உறைகிறதா?

வணக்கம் சகோ. செயலி உருவாக்க உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறக்கிறது, எமுலேட்டரை (கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி) ஓட்டினால்தான் மடிக்கணினி உறைந்துவிடுகிறது என்கிறீர்கள். 8 ஜிபி ரேமில் அப்படித்தான் ஆகும். இரண்டையும் சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அதற்காகப் புதுக் கணினி வாங்கிவிடாதீர்கள், செயலியை ஓட்டிப் பார்க்க உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியே போதும்.

கைபேசியின் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' வரியை 7 முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை (கணினியிலிருந்து செயலியைக் கைபேசியில் ஓட்ட விடும் வசதி) இயக்கி, கைபேசியைக் கேபிளால் கணினியோடு இணையுங்கள். திரையில் அனுமதி கேட்கும், சரி கொடுங்கள்.

கேட்கவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. அப்படி ஒன்றால் எனக்கு ஒரு மாலை முழுக்க டிரைவர் (கைபேசியைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருள்) நிறுவுவதிலேயே போனது. அப்புறம், ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபையிலும் இணைக்கலாம்.